ஓடையில் அருந்துவதா, ஊட்டுவதை விழுங்குவதா?

செய்தித்தாளின் முதற்பக்கத்தில் எது வர வேண்டும் என்பதை ஓர் ஆசிரியர் முடிவு செய்கிறார். அவருடைய பெயர் தாளில் அச்சாகியிருக்கிறது, முகவரியும் இருக்கிறது. பிழை கண்டால் மடல் எழுதலாம். பொய் கண்டால் வழக்கும் தொடுக்கலாம். கைப்பேசித் திரையின் முதற்செய்தியை முடிவு செய்பவர் யார்? அவருக்குப் பெயரில்லை, முகவரியில்லை. எங்கோ ஒரு நிறுவனத்தின் கணக்கீட்டு முறை, நேற்று எதன்மேல் எத்தனை நொடி நம் கண் நின்றது என்பதை எண்ணி, இன்று எதை ஊட்டினால் இன்னும் சில நொடி நிற்கும் என்று தீர்மானிக்கிறது. வாசகர் வாயைத் திறக்கிறார்; அது ஊட்டுகிறது.

இதை எதிர்த்தே இக்கட்டுரையில் வழக்காட விழைகிறோம். ஆனால் இணையத்தைப் பழிக்க நாம் வரவில்லை. இணையத்தைப் பழிப்பது இந்நாளில் மிக எளிய அறச்செயலாகிவிட்டது. மேடையேறும் எவரும் பழிக்கலாம், கைதட்டலும் கிடைக்கும், கைதட்டிய கைகள் அடுத்த நொடியே கைப்பேசியை எடுத்துக்கொள்ளும். நம் வழக்கு வேறு. வாசகரை மனிதராக மதிக்கும் ஒரு வழி இணையத்தில் இருந்தது, இன்றும் இருக்கிறது. அவ்வழியைப் புதர் மண்ட விட்டுவிட்டு, வாசகரை இரையாக்கும் வழியை நெடுஞ்சாலையாக்கியிருக்கிறார்கள். கற்றறிந்த பொதுநிலையினரும் அதை மழை, வெயில் போன்ற இயற்கை நியதியாக ஏற்றுக்கொண்டுவிட்டனர். இந்த ஏற்பு தவறு என்பதே நம் வழக்கு.

செய்தியோடை என்பது யாது?

அந்தப் பழைய வழிக்குத் தமிழில் செய்தியோடை என்று பெயர். ஆங்கிலத்தில் ஆர்.எஸ்.எஸ். என்ற மூன்றெழுத்தால் சுட்டுவர். அம்மூன்றெழுத்தைக் கேட்டதும் நாகபுரியை நினைத்து வாசகர் திடுக்கிட வேண்டாம். அந்த அமைப்புக்கும் இதற்கும் யாதொரு உறவும் இல்லை.

இது இயங்கும் முறை மிக எளிது. ஓர் இணையத்தளம் புதிதாக ஒன்றை வெளியிடும்போது, அதன் தலைப்பு, சுருக்கம், வெளியான நாளும் நேரமும், முழுக் கட்டுரை இருக்கும் முகவரி ஆகியவற்றை ஒரு சிறு கோப்பில் வரிசையாக எழுதி வைக்கிறது. அக்கோப்புக்கு நிலையான முகவரி ஒன்று உண்டு. வாசகர் தம் கணினியிலோ கைப்பேசியிலோ திரட்டி எனப்படும் மென்பொருளை நிறுவி, தாம் பின்தொடர விரும்பும் இருபது முப்பது தளங்களின் ஓடை முகவரிகளை அதில் இடுகிறார். திரட்டி, குறித்த இடைவெளிகளில் ஒவ்வொரு முகவரிக்கும் சென்று, புதிதாக ஏதேனும் வந்திருந்தால் எடுத்து வந்து, நாள்வரிசைப்படி அடுக்கி வைக்கிறது. அவ்வளவே.

இந்த எளிமைக்குள் மூன்று பெருஞ்சிறப்புகள் அடங்கியிருக்கின்றன. முதலாவது, எதைப் படிப்பது என்ற தேர்வு வாசகருடையது. அவர் சேர்க்காத எதுவும் அவர் திரட்டியில் செய்தியாக வந்து அமராது. இரண்டாவது, வரிசை காலத்தினுடையது. முந்தி வந்தது முந்தி நிற்கும், பிந்தி வந்தது பிந்தி நிற்கும். ஆரவாரம் செய்தவன் வரிசையை முறித்து முன்னே வந்துவிட முடியாது. மூன்றாவது, விலகும் உரிமை முழுமையானது. எழுதுபவர் நம் பெயரையோ கைப்பேசி எண்ணையோ கேட்பதில்லை. வேண்டாமென்றால் முகவரியை நீக்கிவிட்டால் தீர்ந்தது. ஒரு திரட்டி பிடிக்கவில்லையெனில், நம் முகவரிப் பட்டியல் முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கி, வேறொரு திரட்டிக்குக் கொண்டு செல்லலாம். முகநூலில் ஆண்டுக்கணக்காகச் சேர்த்த தொடர்புகளை இப்படி ஒரு கோப்பில் கட்டிக்கொண்டு வேறு வீட்டுக்குக் குடிபோக முடியுமா? முயன்று பார்த்தவர்களுக்கு விடை தெரியும்.

செய்தியைப் பலருக்கும் பகிர்ந்தளிக்கும் ஏற்பாடு இணையத்தோடு பிறந்ததன்று. 1846இல் நியூயார்க் நாளேடுகள் சில, செலவைப் பகிர்ந்துகொண்டு செய்தி பெறக் கூடியதிலிருந்து அசோசியேட்டட் பிரஸ் வளர்ந்தது. 1850இல் ராய்ட்டர் என்பார், தந்திக் கம்பி இல்லாத இடைவெளியைக் கடக்க, ஆகன் நகருக்கும் பிரசல்சுக்கும் இடையே புறாக்களின் காலில் பங்குச் சந்தை விலைகளைக் கட்டி அனுப்பினார். விடுதலை பெற்ற இந்தியாவில் பிரஸ் டிரஸ்ட் ஆப் இந்தியா 1949இல் பணியைத் தொடங்கியது. இவையெல்லாம் நாளேட்டு அலுவலகங்களுக்கு வந்து சேர்ந்த ஓடைகள். அலுவலகத்துக்கு வந்து சேரும் செய்திக்கற்றையை எளிய வாசகரின் மேசைக்கே கொண்டுவந்ததுதான் செய்தியோடை செய்த புரட்சி.

1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் நிறுவனம் இதன் முதல் வடிவை வெளியிட்டது. 2000 டிசம்பரில் வந்த அடுத்த வடிவை ஆக்கிய குழுவில் ஆரோன் ஸ்வார்ட்ஸ் என்ற 14 வயதுச் சிறுவனும் ஒருவன். 2002இல் டேவ் வைனர் செம்மையாக்கிய இரண்டாம் வடிவின் விதிமுறை, 2003இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பெர்க்மன் மையத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 2005 டிசம்பரில் ஆட்டம் என்ற மற்றோர் ஓடை வடிவம் இணையத்தின் பொதுத் தரமாக ஏற்கப்பட்டது. இத்தனை பெயர்களையும் ஆண்டுகளையும் நாம் அடுக்குவதற்குக் காரணம் உண்டு. ஓடை எந்த ஒரு முதலாளியின் உடைமையும் அன்று. ஊர்ப் பொதுக்கிணறு போன்றது. எவரும் கயிறு கொண்டுவரலாம், எவரும் நீர் இறைக்கலாம்.

தமிழர்க்கும் இதில் பங்குண்டு. 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் என்ற தளம், தமிழில் எழுதுவோரின் ஓடைகளை ஒன்றாகத் திரட்டியது. யாழ்ப்பாணத்தார் எழுதியதும் சிங்கப்பூரார் எழுதியதும் மதுரைக்காரர் எழுதியதும் ஒரே பக்கத்தில் வந்து நின்றன. பெரிய பத்திரிகை எதுவும் இடம் தந்திராத பல எழுத்தாளர்க்கு முதல் வாசகர் கிடைத்தது இத்தகைய திரட்டிகளால்தான். தமிழ்க் கணிமையின் வரலாற்றை எழுதப் புகும் எவரும் இதைத் தவிர்த்து எழுத இயலாது.

புதர் மண்டிய கதை

பிறகு என்ன நேர்ந்தது? உலகில் மிகப் பலர் பயன்படுத்திய திரட்டி, கூகுள் நிறுவனம் 2005 அக்டோபரில் தொடங்கிய கூகுள் ரீடர். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் தேர்ந்தெடுக்கப்பட்ட அதே 2013 மார்ச் 13 அன்று, அந்தத் திரட்டியை மூடப்போவதாக அந்நிறுவனம் அறிவித்தது. ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மூட வேண்டாமென்று கையொப்பமிட்டனர். பயனில்லை. அவ்வாண்டு ஜூலை முதல் நாளோடு அது மூடப்பட்டது. டுவிட்டரும் அதே 2013இல் தன் ஓடைகளை நிறுத்தியது. ஓடைகளைப் படிக்கும் வசதியைத் தன்னகத்தே கொண்டிருந்த பயர்பாக்ஸ் உலாவி, 2018 டிசம்பரில் அதை நீக்கியது.

பயன்படுத்துவோர் குறைந்துவிட்டனர் என்பது கூகுள் சொன்ன காரணம். அது பொய்யென்று நாம் சொல்லவில்லை. ஆனால் குறைந்தது ஏன் என்று கேட்கிறோம். ஓடையில் வருபவர் தமக்கு வேண்டிய அளவு அருந்திவிட்டு எழுந்து போய்விடுகிறார். அடுக்கிய செய்திகள் முடிந்தால் வேலையும் முடிந்தது. எழுந்து போகும் வாசகரால் விளம்பர வணிகத்துக்கு என்ன ஆதாயம்? அவ்வணிகத்துக்கு வேண்டியவர் எழுந்து போகாத வாசகர். அடியே இல்லாத பக்கத்தை விரலால் தள்ளிக்கொண்டே இருக்கும் வாசகர். அப்படிப்பட்டவரை உருவாக்க எங்கெங்கும் உழைத்தார்கள். ஓடை தானாகவே வற்றியது போன்ற தோற்றம் உண்டாயிற்று. வாய்க்காலை மடைமாற்றிவிட்டு, ஆற்றில் நீரில்லை என்று அறிவிப்பதை நம் உழவர்கள் நன்கு அறிவார்கள்.

முகநூல் 2006 செப்டம்பரில் தன் ஊட்டத்தைத் தொடங்கியது. அதன் உட்கணக்கு எப்படி இயங்கியது என்பது, அந்நிறுவனத்தின் முன்னாள் ஊழியர் பிரான்சிஸ் ஹாகன் என்ற பெண்மணி வெளிக்கொணர்ந்த ஆவணங்களால் 2021 அக்டோபரில் உலகுக்குத் தெரியவந்தது. 2017 முதல், விருப்பக் குறி ஒன்றுக்கு ஒரு மதிப்பெண் என்றால், சினக்குறி உள்ளிட்ட உணர்ச்சிக் குறி ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண். மதிப்பெண் மிகுந்தது மேலே ஏறும். மேலே ஏறியது பலர் கண்ணில் படும். 2020இல்தான் சினக்குறியின் மதிப்பைச் சுழியமாக்கினர்.

சினத்தைத் தலையான பாவங்கள் ஏழில் ஒன்றாக நம் ஞானோபதேச வகுப்பில் சிறுவர் மனப்பாடம் செய்தனர். அதே சினத்துக்கு ஐந்து மடங்கு கூலி கொடுத்து வளர்த்தது ஒரு வணிகம். வீட்டு முற்றத்தில் ஒருவன் வந்து நின்று, உங்கள் பிள்ளைகளுக்குள் சண்டை மூட்டினால் எனக்கு வருமானம் என்று சொன்னால், அவனுக்கு நாற்காலி போடுவோமா? இந்த வணிகத்துக்குச் சட்டைப்பையிலேயே இடம் கொடுத்திருக்கிறார்கள் நம் மக்கள்.

வேரற்ற செய்திகள்

ஊட்டத்தின் உடன்பிறப்பு முன்னனுப்பல். வந்ததை வந்தபடியே அனுப்புகிறேன் என்ற முகப்போடு வாட்ஸ்அப்பில் உலாவரும் செய்திகளுக்கு எழுதியவர் பெயர் உண்டா? எழுதிய நாள் உண்டா? மூலம் உண்டா? ஒன்றுமில்லை. படித்ததில் பிடித்தது என்பது ஒரு மூலமா? நன்றி: இணையம் என்பது ஒரு முகவரியா? இணையத்துக்கு நன்றி சொல்வது, கடன் கொடுத்தவர் பெயரை மறைத்துவிட்டு ஊருக்கு நன்றி சொல்வதற்கு ஒப்பாகும்.

இது வெறும் மரியாதைக் குறைவு என்று எண்ணிவிட வேண்டாம், உயிர்கள் போயிருக்கின்றன. 2018 மே மாதத்தில், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயில் தேடிக் காரில் வந்த ஒரு குடும்பத்தைக் குழந்தை கடத்துவோர் என்று எண்ணி ஊரார் அடித்தனர். அதில் ஒரு மூதாட்டி உயிரிழந்தார். வாட்ஸ்அப் வழியே பரவிய வதந்தியே அந்த ஊரின் கண்களை மறைத்தது. அவ்வாண்டு ஜூலை முதல் நாள், மராட்டிய மாநிலத்துத் துளே மாவட்டத்தில் நாடோடிச் சமூகத்தினர் ஐவர் இதே ஐயத்தால் அடித்துக் கொல்லப்பட்டனர். அதன் பின்னரே, இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாது என்று அந்நிறுவனம் வரம்பு விதித்தது; 2019இல் அவ்வரம்பை உலகெங்கும் விரித்தது.

அடித்தவர்கள் இயல்பிலேயே கொலைஞர்கள் அல்லர். தம் பிள்ளைகளின்மேல் கொண்ட அச்சமே அவர்கள் கையில் கல்லாயிற்று. அந்த வதந்தியை அனுப்பியவர்களும் அவ்வாறே. நல்லெண்ணத்தோடு, எச்சரிக்கும் பொருட்டு அனுப்பினோம் என்றே சொல்லியிருப்பர். நல்லெண்ணம் போதாது என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டுமா? அந்தச் செய்தியின் தலையில் எழுதியவர் பெயரும், நாளும், மூல முகவரியும் இருந்திருந்தால், ஒருவராவது அவ்விடம் சென்று சரிபார்த்திருக்கலாம். வேரில்லாத செய்தியைச் சரிபார்க்க வழியே இல்லை. அதனால்தான் அது அத்தனை விரைவாகப் பறந்தது.

அரசுகளுக்குத் தெரிந்த மருந்து ஒன்றே: குழாயை முழுவதும் அடைத்துவிடுவது. 2019 உயிர்ப்புப் பெருவிழாவன்று இலங்கைத் திருத்தலங்களில் குண்டுகள் வெடித்து நம் உடன்பிறப்புகள் மடிந்தபோது, வதந்தியைத் தடுக்கவென்று அந்நாட்டு அரசு சமூக ஊடகங்களைச் சில நாள்கள் முடக்கியது. உற்றாரின் நிலை அறியத் துடித்தவர்களின் கதவும் அதோடு அடைபட்டது. நஞ்சு கலந்த குழாயைத் திறந்து வைப்பது, இல்லையேல் ஊருக்கே நீரை நிறுத்துவது என்ற இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று இருப்பதையே மறந்துவிட்டோரின் செயல் இது.

அந்த மூன்றாவது வழியில், ஓடையில் வரும் ஒவ்வொரு செய்தியும் தன் மூல முகவரியைத் தோளில் சுமந்தே வருகிறது. நாளும் நேரமும் உடன் வருகின்றன. அதை நாம் பிறருக்குப் பகிரும்போது அந்த முகவரியும் உடன் செல்கிறது. பெறுபவர் ஒருமுறை தொட்டால் எழுதியவர் வீட்டு வாசலிலேயே போய் நிற்பார். ஓடையில் பொய் வராதா என்று கேட்கலாம். வரும். ஓடை தூய்மைக்குப் பொறுப்பேற்பதில்லை. ஆனால் பொய் வந்தால், அது எவர் வீட்டிலிருந்து வந்தது என்று தெரியும். அவ்வீட்டு முகவரியைப் பட்டியலிலிருந்து நீக்கவும் முடியும். பொறுப்பு அங்கே மனிதர் கையில் இருக்கிறது. நாம் கேட்பதும் அதுவே.

மாற்றார் வாதங்கள்

நம் வழக்குக்கு எதிராக நான்கு வாதங்கள் எழுப்பப்படுகின்றன. ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்ப்போம்.

செத்துப்போன தொழில்நுட்பத்துக்கு ஏன் ஒப்பாரி என்பர் சிலர். யார் சொன்னது செத்துவிட்டதென்று? வலையொலி நிகழ்ச்சிகளை அன்றாடம் கேட்கும் இளைஞர்கள், தாம் கேட்பது செய்தியோடையின் வழியே வருகிறது என்பதை அறிவதில்லை. ஒலிக்கோப்பின் முகவரியை ஓடையில் கோத்து அனுப்பும் ஏற்பாட்டின் மீதுதான் வலையொலி உலகமே நிற்கிறது. யூடியூபின் ஒவ்வோர் அலைவரிசைக்கும் ஓடை உண்டு. வேர்ட்பிரஸ், பிளாகர் ஆகியவற்றில் அமைந்த தளங்கள் கேளாமலே ஓடையைத் தருகின்றன. நிலத்தடியில் ஓடும் நீரைக் காணாதவர், நீரே இல்லை என்று சொல்வது பேதைமை.

இது படித்த கணிப்பொறியாளருக்கே ஆகும், எளியவருக்கு ஆகாது என்பர் வேறு சிலர். தொடர்வண்டிப் பயணச்சீட்டை இணையத்தில் எடுக்கிறார்கள் நம் மக்கள். ஆதார் எண்ணை வங்கிக் கணக்கோடு இணைத்திருக்கிறார்கள். காய்கறிக் கடையில் கட்டக்குறியைக் காட்டிப் பணம் செலுத்துகிறார்கள். இவற்றைவிட எளிது ஒரு முகவரியைத் திரட்டியில் இடுவது. பீட்லி, இனோரீடர் போன்ற திரட்டிகள் இலவச வடிவிலும் கிடைக்கின்றன. தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளிலேயே ஓடை படிக்கும் வசதி உண்டு. எளியவருக்கு ஆகாது என்று சொல்பவர் பெரும்பாலும் எளியவரைக் கேட்டுச் சொல்வதில்லை. தம் சோம்பலுக்கு எளியவரைப் போர்வையாக்குகிறார்.

மூன்றாவது வாதம் வலிமையானது. அதை மதித்தே விடை சொல்ல வேண்டும். தாமே தேர்ந்த ஓடைகளை மட்டும் படிப்பவர், தம் கருத்துக்கு உகந்தவற்றையே தேர்ந்து, தம்மைச் சுற்றித் தாமே சுவர் எழுப்பிக்கொள்ள மாட்டாரா? எழுப்பிக்கொள்ளலாம். ஆனால் அச்சுவர் அவர் கண்ணுக்குத் தெரியும். தம் பட்டியலைத் திறந்து பார்த்தால், இருபது முகவரிகளும் ஒரே குரலில் பேசுகின்றன என்பதை அவரே காணலாம், வெட்கப்படலாம், மாற்றுக் கருத்துடைய இருவரைச் சேர்க்கலாம். ஊட்டம் எழுப்பும் சுவரோ கண்ணாடிச் சுவர். அதற்குள் இருப்பவர் உலகம் முழுவதையும் காண்பதாகவே எண்ணிக்கொள்கிறார். நம் மனச்சான்றை ஆராய்வதற்கு முதலில் அது நம் கையில் இருக்க வேண்டும். வேறொருவரிடம் அடகு வைத்த மனச்சான்றை எப்படி ஆராய்வது?

நான்காவது வாதம் எழுத்தாளருடையது. ஓடையில் முழுக் கட்டுரையும் போய்விட்டால் தளத்துக்கு யார் வருவார், விளம்பர வருவாய் என்னாவது என்று அவர் அஞ்சுகிறார். அந்த அச்சம் நியாயமானது. அதனால்தான் பல தளங்கள் சுருக்கத்தை மட்டும் ஓடையில் விட்டு, முழுமைக்குத் தம் தளத்துக்கு அழைக்கின்றன. அது அவர்கள் உரிமை. ஓடை திறந்திருப்பதாலேயே அதில் வருவதை அள்ளித் தம் தளத்திலோ இதழிலோ வெளியிடும் உரிமை பிறருக்கு வந்துவிடாது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் இணையத்துக்கும் பொருந்தும். தலைப்பு, இரண்டு வரிச் சுருக்கம், மூல முகவரி என்ற அளவில் பகிர்வது அறம். முழுவதையும் பெயர் நீக்கி எடுத்துக்கொள்வது களவு. களவைப் பற்றிய கட்டளை தாளில் அச்சடித்தவற்றுக்கு மட்டும் தரப்பட்டதன்று.

நம் வீட்டுக்குள் ஒரு பார்வை

பிறரைச் சாடுவதோடு நிறுத்தினால் இக்கட்டுரை நேர்மையற்றதாகும். 1963 டிசம்பரில் வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய விதித்தொகுப்பு, செய்தி அறிவது மனித சமூகத்தின் உரிமை என்று ஏற்றுக்கொண்டது. 2023 மே மாதத்தில் வத்திக்கானின் சமூகத் தொடர்புத் துறை, சமூக ஊடகங்களில் கிறிஸ்தவரின் உடனிருப்பைப் பற்றிய மேய்ப்புப்பணிச் சிந்தனைகளை வெளியிட்டு, நல்ல சமாரியரின் உவமை வழியாக, இணையத்தில் என் அயலார் யார் என்று கேட்கத் தூண்டியது. இவ்வளவுக்கும் பிறகு, நம் நிறுவனங்கள் மக்களோடு பேசும் முறை என்ன?

பங்கு அறிவிப்பு ஒரு படமாக வாட்ஸ்அப் குழுவில் இடப்படுகிறது. குழுவில் இல்லாதவர் அறிய வழியில்லை. எண் மாறியவர் அறிய வழியில்லை. கைப்பேசி எண்ணைப் பலர் முன் வெளியிட விரும்பாத பெண்கள் அறிய வழியில்லை. படத்திலுள்ள எழுத்தைப் பார்வையற்றோரின் வாசிப்பு மென்பொருள் செவ்வனே படிப்பதில்லை. மூன்று மாதம் கழித்துத் தேடினால், பிறந்தநாள் வாழ்த்துகளின் குவியலுக்கடியில் அது புதைந்து கிடக்கும். வளைகுடா நாடுகளில் உழைக்கும் மகனும் மகளும் தம் ஊர்ப் பங்கின் செய்தியை அறிய எவரேனும் முன்னனுப்பும் வரை காத்திருக்க வேண்டும். மறைமாவட்டங்களும், கல்லூரிகளும், பணிக்குழுக்களும் பெரும் பொருட்செலவில் தளம் அமைத்துவிட்டு, அதன் செய்திகளை முகநூலில் மட்டும் வெளியிடுவதைக் காண்கிறோம். நம் வீட்டு முற்றத்தில் ஊறும் கிணற்றை மூடிவிட்டு, அயலான் விற்கும் நீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்பது இதுதான்.

செய்ய வேண்டுவன அரியனவல்ல. பங்குக்கோ பள்ளிக்கோ தளம் இருந்தால், அதில் ஓடை இருக்கிறதா என்று அமைத்தவரைக் கேட்க வேண்டும்; பெரும்பாலும் இருக்கும், எவரும் அதை மக்களுக்குச் சொல்லியிருக்கமாட்டார். ஓடையின் முகவரியைத் தளத்தின் முகப்பில் கண்ணில் படும்படி இட வேண்டும். அறிவிப்பை முதலில் தளத்தில் எழுத்தாக வெளியிட்டு, வாட்ஸ்அப்பில் அதன் முகவரியை மட்டும் பகிர வேண்டும். இளைஞர் இயக்கங்கள், சுவரொட்டி ஒட்டும் ஆர்வத்தில் ஒரு பங்கையாவது, முதியோர்க்குத் திரட்டி அமைத்துக் கொடுப்பதில் செலவிடலாம்.

இல்லங்களில் செய்ய வேண்டியதும் உண்டு. குடும்பத்தார் கூடி அமர்ந்து, நம் வீட்டுக்குள் யாரெல்லாம் வந்து பேசலாம் என்று முடிவு செய்யுங்கள். ஒரு நாளேடு, ஓர் அறிவியல் தளம், ஓர் இலக்கிய இதழ், திருச்சபைச் செய்திகள், மகனுக்குப் பிடித்த விளையாட்டு, மகளின் படிப்புக்கு உதவும் ஒன்று, தந்தைக்கு உடன்பாடில்லாத அரசியல் பேசும் ஒன்று எனப் பத்து முகவரிகள் போதும். பத்தையும் படித்து முடித்தால் திரட்டி வெறுமையாகிவிடும். அந்த வெறுமையைக் கண்டு அஞ்ச வேண்டாம். படிக்க வேண்டியதைப் படித்தாயிற்று, இனி எழுந்து அடுத்த வேலையைப் பார்க்கலாம் என்று பொருள். எதையேனும் பிறருக்குப் பகிர விரும்பினால், எழுதியவர் பெயரும் முகவரியும் இல்லாமல் பகிர்வதில்லை என்று ஒரு வீட்டு விதி செய்துகொள்ளுங்கள். பெயரும் முகவரியும் இல்லாமல் வருவது எவ்வளவு இனியதாயினும், எவ்வளவு அச்சுறுத்துவதாயினும், உங்கள் விரலோடு அது நின்றுபோகட்டும்.

இதனால் பெருநிறுவனங்கள் சாய்ந்துவிடப் போவதில்லை. நாம் அப்படிக் கனவு காணவும் இல்லை. சிலுவையில் அறைந்தாற்போல் கைப்பேசியைத் துறக்கவும் எவரையும் கேட்கவில்லை. கேட்பது இவ்வளவே: எதைப் படிப்பது என்று தீர்மானிக்கும் அறிவையும் விருப்பத்தையும் கொண்டு படைக்கப்பட்ட மனிதர், அத்தீர்மானத்தைத் தாமே செய்யட்டும். பிறர் ஊட்ட உண்பது குழவிக்கு அழகு. நோயாளிக்குத் தேவை. கைகால் வழங்கும் ஆண்மகனும் பெண்மகளும் ஓடைக்கு நடந்து சென்று, குனிந்து, தம் கையால் அள்ளி அருந்த வேண்டும். ஓடை இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.